சூரியன் தரும் சத்தும் பொட்டலத்தில் வரும் சத்தும்

அங்கத்தினர் நலன் பற்றிய பாடங்களில் இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் வைட்டமின் ‘டி’ என்னும் உயிர்ச்சத்தாகும். இதனைப் பொடியாகவும் மாத்திரையாகவும் உட்கொள்வதால் உடலுக்கு விளைவது நன்மையா, தீமையா என்ற வாதம் உலகெங்கும் மருத்துவரிடையே நெடுநாளாக நடந்து வருகிறது. அவ்வாதம் இப்போது நம் சங்கங்களின் வாயிற்படி வரையில் வந்துவிட்டது.

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரங்களுக்குத் தணிக்கைக்காகச் செல்லுமிடங்களில், கணக்குப் புத்தகங்களை மூடிய பின்னர் அங்கத்தினர்கள் தங்கள் வீட்டு விஷயங்களையும் பேசுவது வழக்கம். குன்றத்தூர்ப் பக்கத்து முதிய நெசவாளர் ஒருவர், “ஐயா, வாரத்துக்கு ஒரு பொட்டலம் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார்கள். விடாமல் குடித்து வருகிறேன், நல்லதுதானே?” என்று கேட்டார். எத்தனை நாட்களாக என்று வினவியதற்கு, “போன தீபாவளிக்கு முன்னாலிருந்து” என்றார். அப்போது ஆடி மாதம். அதே வாரத்தில் திருநின்றவூர்ப் பக்கத்துக் கத்தரித் தோட்டக்காரர் ஒருவர் பரிசோதனைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் தமக்கும் இந்தச் சத்துக் குறைவாம் என்று அதில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருப்பதாகக் கூறி வருத்தப்பட்டார். அவர் இன்னும் பொட்டலம் வாங்கவில்லை. வாங்கலாமா என்பதே அவர் கேள்வி.

நான் மருத்துவனல்லன், கணக்குப் பார்ப்பவன். ஆயினும் இது பெரும்பகுதி கணக்கைப் பற்றிய விஷயமாகவே இருப்பதால், மருத்துவ நிபுணர்கள் வெளியிட்டுள்ளவற்றைப் படித்து இங்கே தொகுத்துரைக்கத் துணிந்தேன்.

இச்சத்தின் இயல்பு

மற்ற வைட்டமின்கள் உணவிலிருந்து நமக்குக் கிடைக்கின்றன. வைட்டமின் ‘டி’யோ பெரும்பாலும் நம் தோலிலேயே உற்பத்தியாகிறது. தோலில் இயற்கையாக உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின்மீது சூரியனின் புற ஊதாக் கதிர் படும்போது, அப்பொருள் இவ்வுயிர்ச்சத்தாக மாறுகிறது. 290 முதல் 315 நானோமீட்டர் வரையில் அலைநீளமுள்ள கதிர்கள் மட்டுமே இவ்வேலையைச் செய்ய வல்லவை. அங்ஙனம் உண்டான சத்து கல்லீரலுக்குச் சென்று ஒரு மாற்றமும், சிறுநீரகத்துக்குச் சென்று மற்றொரு மாற்றமும் அடைந்த பிறகே முழு ஆற்றல் பெறுகிறது. உண்ட உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் கிரகித்துக்கொள்ளும்படி செய்வதே இதன் தலையாய வேலை. உணவில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் இது இல்லாவிடில், வந்த சரக்கைக் கிடங்கில் ஏற்றப் பண்டகக் காப்பாளர் இல்லாத கதையாக முடியும். காப்பாளர் இருந்து சரக்கு வராவிடினும் அதே கதிதான். இவ்விரண்டாவது நிலையைப் பலரும் மறந்துவிடுகின்றனர். பின்னர் அதற்கு வருவோம்.

குறைவு மிகுந்தால் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் என்னும் நோய் உண்டாகிறது. எலும்பு கெட்டிப்படாமல் கால்கள் வில்போல் வளைகின்றன, மணிக்கட்டு வீங்குகிறது, பல் முளைக்கத் தாமதமாகிறது. பெரியவர்களுக்கு எலும்பு மிருதுவாகி இடுப்பிலும் விலாவிலும் வலி காணும். தொடைத் தசை சோர்ந்து, சம்மணமிட்டு அமர்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியாத நிலை வரும். குழித்தறியில் அமர்ந்து பழகியவர்கள் குழியிலிருந்து எழும்போது படும் சிரமமெல்லாம் இதனால்தான் என்று எண்ணிவிட வேண்டாம். நாளெல்லாம் முதுகை வளைத்து, கால் மிதியை மிதித்து, நாடாவை ஓட்டுபவருக்கு இடுப்பு வலி வர வேறு காரணமே தேவையில்லை. இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் வேலை.

கண்டுபிடித்த வரலாறு

1919-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி என்பார், வீட்டிற்குள்ளேயே அடைத்து வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் நோயை உண்டாக்கி, காட் என்னும் மீனின் ஈரல் எண்ணெயால் அதனைத் தடுக்கலாம் என்று காட்டினார். அதே ஆண்டில் பெர்லின் நகரில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் எண்ணெய் ஏதுமின்றி, புற ஊதா விளக்கின் ஒளியைக் காட்டியே குழந்தைகளின் நோயைக் குணமாக்கினார். ஒருவர் எண்ணெய் என்கிறார், மற்றவர் வெளிச்சம் என்கிறார். இருவரும் எங்ஙனம் சரியாக இருக்க முடியும் என்று அக்காலத்தில் பெரும் குழப்பம். 1922-இல் அமெரிக்காவில் மெக்காலம் என்பவர் மீன் எண்ணெயிலுள்ள அப்பொருள் வைட்டமின் ‘ஏ’ அன்று, வேறொன்று என்று பிரித்துக் காட்டி, அகரவரிசையில் அடுத்த எழுத்தாகிய ‘டி’யைச் சூட்டினார். அதன்பின் ஸ்டீன்பாக் என்பவர், உணவுப் பொருளின்மீதே புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி அதில் இச்சத்தை உண்டாக்கலாம் என்று நிரூபித்தபோது குழப்பம் தீர்ந்தது. இத்துறை ஆராய்ச்சிக்காக ஜெர்மானியர் அடால்ஃப் விண்டாஸுக்கு 1928-இல் ரசாயன நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

நம் நாட்டுச் செய்தி ஒன்று இவ்வரலாற்றில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. 1922-இல் நாசிக் நகரில் ஹட்சிசன், ஷா என்னும் இரு மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கோஷா வழக்கத்தால் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்ட வசதியான குடும்பத்துத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இந்நோய் காணப்பட்டது. வயலில் வேலை செய்த ஏழைகளின் குழந்தைகளோ, உணவு குறைவாயிருந்தும் இந்நோயினின்று தப்பியிருந்தனர். கூரைக்குக் கீழிருப்பவர்க்கும் வானத்துக்குக் கீழிருப்பவர்க்கும் உள்ள வேற்றுமை நூறாண்டுகளுக்கு முன்பே இவ்வாறு பதிவாகிவிட்டது. நெசவாளரும் பயிரிடுவோரும் ஒன்றாய் வாசிக்கும் இப்பத்திரிகையில் அதனை நினைவூட்டுவது பொருத்தமாகும்.

நம் மாகாணத்துக் குன்னூருக்கும் இத்துறையில் பங்குண்டு. அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சத்துணவு ஆராய்ச்சியே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, பின்னாளில் தேசியச் சத்துணவு நிறுவனமாயிற்று. நாளொன்றுக்கு இந்தியர் ஒருவருக்கு எச்சத்து எவ்வளவு வேண்டும் என்பதை நிர்ணயித்துச் சொல்லும் ஸ்தாபனம் அதுவே.

வெயில் நிறைந்த நாட்டில் குறைவு ஏன்?

இக்கேள்விக்கு நமக்கு மிக அண்மையிலிருந்தே விடை கிடைக்கிறது. ஆவடி வழியாகச் செல்லும் ரயிலில் அரக்கோணம், ரேணிகுண்டா தாண்டினால் திருப்பதி. அங்குள்ள ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் டாக்டர் ஹரிநாராயண் முதலியோர் செய்த ஆய்வுகள் 2007-ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்தன. வயலில் உழைக்கும் கிராமத்தாரின் இரத்தத்தில் நகரத்தாரைவிட இச்சத்து அதிகம் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைவாயிருந்தது. ஆனால் கிராமத்தாரிலும் பலர் நூல்களில் குறிக்கப்பட்ட அளவை எட்டவில்லை. அவர்களது உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதும், தானியங்களிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் இருக்கிற சுண்ணாம்பையும் குடலில் சேரவிடாமல் தடுக்கிறது என்பதும் அவ்வாய்விலேயே கூறப்பட்டன.

டெல்லியில் 2000-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில் சிப்பாய்களையும், மருத்துவமனையில் பணிபுரியும் டாக்டர்களையும், செவிலியரையும் ஒப்பிட்டனர். வெட்டவெளியில் பயிற்சி செய்யும் சிப்பாய்களுக்குச் சத்து கூடுதல். பிறருக்கு மருந்து எழுதிக் கொடுப்பவர்களுக்கே மிகக் குறைவு! டாங்கித் தொழிற்சாலையும் படைத்துறைக் குடியிருப்புகளும் நிறைந்த ஆவடியில் இதனைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆயினும், சிப்பாய்க்கும் தொழிற்சாலைக் கூரைக்குள் வேலை செய்பவருக்கும் சம்பளம் ஓரிடத்திலிருந்து வந்தாலும் வெயில் ஒன்றன்று.

வெயிலைப் பற்றி வழங்கும் ஒரு கருத்தையும் ஆராய வேண்டும். இளங்காலை வெயிலே உடலுக்கு நல்லது என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். பருத்தி நெசவுத் தெருக்களில் விடியற்காலையில் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்துக் காயவிட்ட காலத்தில், குடும்பம் முழுவதும் ஒரு நாழிகையாவது வெளியில் நின்றது. அதனால் வேறு நன்மைகள் இருக்கலாம். ஆனால் வைட்டமின் ‘டி’க்கு அவ்விளவெயில் அதிகம் பயன்படாது. சூரியன் சாய்ந்திருக்கும்போது வேண்டிய கதிர் காற்று மண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. திருப்பதியில் செய்த சோதனையில், ஆண்டு முழுவதும் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையில்தான் இச்சத்து மிகுதியாக உண்டாவதாகக் கண்டனர். கடிகாரம் இல்லாதவருக்கும் எளிய அளவுகோல் உண்டு: நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாயிருக்கும் வேளையே ஏற்ற வேளை. கறுத்த தோலுக்கு வெளுத்த தோலைவிட நேரம் கூடுதலாக வேண்டும் என்பதால், ஐரோப்பியருக்குச் சொல்லப்படும் பத்துப் பதினைந்து நிமிடக் கணக்கு நமக்குப் போதாது. அதற்காகக் கத்திரி வெயிலில் நண்பகலில் போய் நிற்கும்படி யாரும் சொல்லமாட்டார்கள். அக்காலத்தில் முற்பகல் 10 மணிக்குள்ளாகவே நிழல் குட்டையாகிவிடுகிறது. அப்போது கையும் காலும் முதுகும் வெளிப்படச் சிறிது நேரம் இருந்தால் போதும்.

தறிக்கூடத்தில் கண்ணாடி ஓடு பதித்திருப்பவர்கள் கவனிக்க: அதன் வழியாக வெளிச்சம் வரும், நூலிழை தெளிவாகத் தெரியும், ஆனால் சத்தை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி நிறுத்திவிடும்.

சிவப்பு எழுத்தின் பொருள்

இரத்தத்தில் இச்சத்து ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் இருக்கிறது என்று பரிசோதனைச் சாலைகள் அளந்து சொல்கின்றன. எவ்வளவு இருந்தால் போதும் என்பதிலேயே பெரும் வழக்கு இருக்கிறது. 2010-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் நிபுணர் குழு, 20 நானோகிராம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய எலும்புக்கும் போதும் என்றது. மறு ஆண்டே நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம், மைக்கேல் ஹோலிக் என்பவரின் தலைமையில் வெளியிட்ட நெறிமுறையில், 30-க்குக் குறைந்தால் போதாது என்றது. பரிசோதனைச் சாலைகள் பலவும் 30 என்பதையே தாளில் அச்சிட்டுவிட்டன. அதன் விளைவாக ஒரே இரவில் கோடிக்கணக்கான மக்கள் குறைவுள்ளோர் ஆயினர்.

இங்கே ஒரு கணக்குப் பிழை நுழைந்துவிட்டது என்று ஜோஆன் மேன்சன் முதலிய ஆய்வாளர் 2016-இல் எடுத்துக் காட்டினர். 20 என்பது நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்கும் மேலாகப் போதுமான மேல்மட்ட அளவு. சராசரி மனிதனின் தேவை 16 அளவிலேயே நின்றுவிடுகிறது. அங்ஙனமிருக்க, 20-க்குக் கீழே உள்ள எல்லோரையும் குறைவுள்ளோர் என்று எண்ணுவது தவறு. ஒரு சங்கத்தில் எவருக்கும் பற்றாக்குறை வராதபடி, ஒவ்வொரு தறிக்கும் மிக அதிகமாகத் தேவைப்படக்கூடிய நூலைக் கணக்கிட்டு வைக்கிறோம் என்று கொள்வோம். அதைவிட ஒரு சிட்டம் குறைவாக வாங்கியவரையெல்லாம் நூலின்றித் தறி நின்றவர் பட்டியலில் சேர்த்தால் எப்படியோ, அப்படியே இதுவும். மேற்சொன்ன நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கமே 2024-இல் புது நெறிமுறை வெளியிட்டு, 30 என்ற தன் பழைய எல்லையைக் கைவிட்டதோடு, நலமாயிருப்பவருக்கு இப்பரிசோதனையை வழக்கமாகச் செய்யவேண்டுவதில்லை என்றும் கூறிவிட்டது. அச்சிட்ட தாள்கள் மாறுவதற்குக் காலமெடுக்கும் போலும்.

கத்தரித் தோட்டக்காரர் காட்டிய தாளில் இருந்த எண் 18. அவருக்கு எலும்பு வலியில்லை, தசைச் சோர்வில்லை, இரு குடம் தண்ணீரை இரு கையிலும் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கிறார். சிவப்பு எழுத்து ஒன்றைத் தவிர அவருக்கு வேறு நோய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் வீட்டுச் சாப்பாட்டில் பால் காப்பிக்கு மட்டும். கேழ்வரகு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பண்டகக் காப்பாளர் இருந்தும் சரக்கு வராத நிலை என்று முன்னர்க் குறிப்பிட்டது இதுதான். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020-ஆம் ஆண்டு நிர்ணயம். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. முள்ளோடு உண்ணும் நெத்திலியிலும், கீரைகளிலும், தயிரிலும் மீதியைத் தேடிக்கொள்ளலாம். இதனை விட்டுவிட்டுப் பொட்டலத்தை மட்டும் குடிப்பதால் என்ன ஆகும்?

நன்மை என்பார் கூற்றும் சோதனையின் தீர்ப்பும்

எலும்புக்கு மட்டுமன்று, மாரடைப்பு, புற்றுநோய், நீரிழிவு, சளிக் காய்ச்சல் யாவற்றையும் இச்சத்துத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் பெரும் நம்பிக்கை எழுந்தது. அந்நோயாளிகளின் இரத்தத்தில் இச்சத்துக் குறைந்திருந்ததே அதற்குக் காரணம். ஆனால் நோயுற்றவர் வெளியில் நடமாடுவதில்லை. ஆதலால் குறைவு நோயின் விளைவாகவும் இருக்கலாமல்லவா? இதனைத் தீர்க்கப் பெருஞ்சோதனைகள் நடைபெற்றன. அமெரிக்காவில் ‘வைட்டல்’ என்னும் சோதனையில் 25,871 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 2,000 யூனிட்டும் மற்றவருக்கு வெற்று மாத்திரையும் ஐந்தாண்டுக்கு மேல் கொடுத்தனர். புற்றுநோயோ இருதய நோயோ புதிதாக வருவது குறையவில்லை. 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி எலும்பு முறிவும் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் 60 வயதுக்கு மேற்பட்ட 21,315 பேருக்கு மாதம் ஒருமுறை 60,000 யூனிட் வீதம் கொடுத்துப் பார்த்ததில் ஆயுள் கூடவில்லை. நீரிழிவின் விளிம்பிலுள்ள 2,423 பேரிடம் செய்த சோதனையில், 2019-இல் தெளிவான பலன் காணவில்லை. கொரோனாக் காலத்தில் இங்கிலாந்தில் 6,200 பேரிடம் செய்த சோதனையிலும் அவ்வாறே.

எதிர்த் தரப்பாருக்கும் நியாயமான வாதம் ஒன்று உண்டு. வைட்டல் சோதனையில் கலந்துகொண்டவரில் பெரும்பாலோர் முன்னரே போதிய சத்துள்ளவர். உண்டவனுக்கு மேலும் உணவிட்டுப் பசி தீர்ந்ததா என்று கேட்பது என்ன சோதனை என்கின்றனர் அவர்கள். அக்கூற்றை ஒதுக்கிவிட முடியாது. அச்சோதனையிலேயே, உடல் தன்னைத் தானே தாக்கும் வகை நோய்கள், முடக்குவாதம் போன்றவை, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்தன என்பதும் உண்மை. என் அபிப்பிராயத்தில், இவ்விரு தரப்பாரும் ஒரே விஷயத்தையே இரு பக்கத்திலிருந்து சொல்கின்றனர். இருப்பு இல்லாத கணக்கில் வரவு வைத்தால் பலன் உண்டு. நிறைந்த கணக்கில் வைப்பதால் இல்லை.

எனவே எவருக்கு உதவும் என்பதில் பெரிய வேற்றுமை இல்லை. தாய்ப்பாலில் இச்சத்து மிகக் குறைவாதலால் கைக்குழந்தைக்கு முதல் ஓராண்டுக்கு நாள்தோறும் 400 யூனிட் கொடுக்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் கூறுகிறது. வெளியில் செல்லாத முதியோர், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், வலிப்பு நோய்க்கு நெடுநாள் மாத்திரை உண்பவர், குடல் நோயால் கொழுப்புச் செரியாதவர் ஆகியோர் மருத்துவரைக் கலந்து உட்கொள்வது முறையே. விடியுமுன் தறியில் இறங்கிப் பொழுது சாய்ந்து எழும் நெசவாளரும், குறிப்பாக வீட்டினுள்ளேயே பாவு புணைந்தும் கண்டு சுற்றியும் அடுக்களையையும் பார்க்கும் பெண்மணிகளும் இவ்வரிசையில் சேர்வர் என்பதே என் எண்ணம்.

தீமை எங்கே பிறக்கிறது?

வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் இச்சத்து மிகுந்து நஞ்சாவதில்லை. ஓரளவுக்கு மேல் உண்டானதை அதே வெயில் பயனற்ற வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. இயற்கை தன் கணக்குக்குத் தணிக்கையையும் உடன் வைத்திருக்கிறது. வாய் வழியே செல்லும் சத்துக்கோ அத்தகைய தணிக்கை இல்லை. நீரில் கரையாது, கொழுப்பில் கரைந்து தங்குவதாகையால், மிகுந்தது சிறுநீரோடு வெளியேறுவதுமில்லை. வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கிறது. அளவு கடந்தால் இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறுகிறது. பசியின்மை, குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், பின்னர் மனத்தடுமாற்றம், சிறுநீரகக் கல், இறுதியில் சிறுநீரகச் சேதம் என்று தொடர்கிறது.

இது கற்பனையன்று. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் நல்லெண்ணத்தோடு குழந்தைகளின் பால்மாவிலும் தானிய மாவிலும் மீன் எண்ணெயிலும் இச்சத்தைத் தாராளமாகச் சேர்த்தனர். 1950-களின் தொடக்கத்தில் கைக்குழந்தைகளிடையே இரத்தச் சுண்ணாம்பு மிகும் நோய் பரவலாகக் காணப்படவே, 1957-ஐ ஒட்டி அளவைக் குறைத்தனர். நம் நாட்டில் காஷ்மீரத்து ஸ்ரீநகரிலிருந்து 2011-இல் வெளியான மருத்துவக் குறிப்பில், மிகப் பெரிய அளவுகளைத் தொடர்ந்து உட்கொண்டு, வாந்தியும் அறிவுமயக்கமும் சிறுநீரகக் கோளாறுமாக வந்து சேர்ந்த 10 பேரைப் பற்றி எழுதப்பட்டுள்ளது. இச்சத்துக் குறைவு மிகுந்த ஊர் என்று பெயர்பெற்ற இடத்திலேயே மிகுதியும் நோயாயிற்று!

ஒரே தடவையில் பெருந்தொகையாக வரவு வைப்பதும் நன்றன்று. 2010-இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனை ஒன்றில், 70 வயது கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கொரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்தனர். எலும்பைக் காக்கக் கொடுத்த அம்மருந்தை உண்டவர்களே மற்றவரைவிட 15 சதவிகிதம் அதிகமாகக் கீழே விழுந்தனர். 26 சதவிகிதம் அதிகமாக எலும்பு முறிந்தனர். நம் ஊரில் 6 லட்சம் யூனிட் கொண்ட ஊசி கிடைக்கிறது என்பதையும், அசதிக்கென்று அதனைத் தாமே கேட்டுப் போட்டுக்கொள்பவர் உண்டு என்பதையும் அங்கத்தினர்கள் இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி பொட்டலத்தின் கணக்கு. பெரியவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 600 யூனிட், அதாவது 15 மைக்ரோகிராம். மருத்துவர் மேற்பார்வையின்றி நாள்தோறும் உண்ணத்தக்க உச்ச எல்லை 4,000 யூனிட். வழக்கமான பொட்டலம் ஒன்றில் இருப்பது 60,000 யூனிட். அஃதாவது 100 நாள் பங்கு. குறைவு உறுதியானவருக்கு வாரம் ஒன்றாக எட்டு வாரம் கொடுப்பது மருத்துவ வழக்கு. மொத்தம் 4,80,000 யூனிட். அது காலியான களஞ்சியத்தை நிரப்பும் அவசர வரவு. நம் முதிய நெசவாளர் தீபாவளிக்கு முன்பிருந்து ஆடி வரையில் ஏறக்குறைய 40 பொட்டலம் குடித்திருக்கிறார். 24 லட்சம் யூனிட். ஒன்பது மாத காலத்துக்கு அவருக்கு வேண்டியிருந்ததோ 1,62,000. சுமார் 15 மடங்கு! சீட்டைப் பார்த்தேன். எட்டு வாரம் என்று மருத்துவர் எழுதித்தான் இருந்தார். கடையில் சீட்டைத் திரும்பக் கேட்கவில்லை. இவரும் நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையே என்று இருந்துவிட்டார். இப்படி உண்டவர் எல்லோருக்கும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. சங்கச் செயலாளர் உடன் சென்று அரசு மருத்துவமனையில் இரத்தச் சுண்ணாம்பைப் பார்த்ததில் அது எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் முதல் எட்டுக்குப் பிந்திய 32 பொட்டலத்தால் அவருக்குக் கிடைத்த நன்மை யாது என்று கேட்டால், மருத்துவரும் விடை கூறார்.

இப்பொடியிலுள்ள சத்து எங்கிருந்து கிடைக்கிறது என்பதும் நெசவாளருக்குச் சுவை தரும் செய்தி. பெரும்பாலும் ஆட்டு உரோமத்தைக் கழுவும்போது கிடைக்கும் கொழுப்பைச் சுத்திகரித்து, அதன்மீது புற ஊதாக் கதிரைச் செலுத்தியே இதைச் செய்கின்றனர். கம்பளி ஆலையின் கழிவு நம் பாலில் கலந்து வருகிறது. அதில் அருவருக்க ஒன்றுமில்லை. சூரியன் நம் தோலில் செய்யும் அதே வேலையைத்தான் விளக்கு அக்கொழுப்பில் செய்கிறது.

செய்யத்தக்கவை

செறிவூட்டிய பாலையும் எண்ணெயையும் பற்றிச் சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் தேவையில்லை. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிப்படி, அவ்வாறு செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வரையில்தான் இருக்கும். ஒரு டம்ளர் பாலில் 40, 60 யூனிட் கிடைக்கலாம். எண்ணெயில் நாளொன்றுக்கு ஒரு 100 யூனிட் சேரலாம். சிறுசேமிப்பைப் போன்ற இதனால் தீங்கு நேராது. பொட்டலத்தோடு இதை ஒப்பிடுவது அணாவையும் ஆயிரத்தையும் ஒப்பிடுவதாகும்.

சங்கங்கள் மருந்துக் கடை நடத்துமிடங்களில், 60,000 யூனிட் பொட்டலம் விற்கும்போது சீட்டின்மேல் விற்ற தேதியையும் எத்தனையாவது பொட்டலம் என்பதையும் எழுதிக் கொடுக்குமாறு நிர்வாகக் குழுவினர் ஏற்பாடு செய்யலாம். உரக் கடனுக்குத் தவணை எண் போடும் நமக்கு இது புதிய வேலையன்று. எட்டு முடிந்ததும் ஒன்பதாவதைக் கொடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து வாங்குவோர், அதனோடு வரும் துளிக்குழாயாலேயே அளக்க வேண்டும். ஒவ்வொரு புட்டியிலும் மில்லிலிட்டருக்குள்ள யூனிட் வெவ்வேறாகையால், பழைய புட்டியின் குழாயைப் புதியதற்குப் பயன்படுத்தலாகாது. ஒரே சமயத்தில் சுண்ணாம்பு மாத்திரை, சத்துப் பானம், பொட்டலம் என மூன்றையும் உண்பவர் மூன்றின் மேலட்டையையும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். மூன்றிலும் வைட்டமின் ‘டி’ இருக்கக்கூடும்.

தறிக்கூடங்களில் நண்பகல் இடைவேளையைக் கூரைக்குள் கழிக்காமல், வேட்டியை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வெளியில் அரைமணி நேரம் நடமாடிவரலாம். பெண்களுக்குக் கொல்லைப்புறத்திலோ மொட்டை மாடியிலோ அவ்வசதி செய்து கொடுப்பது குடும்பத் தலைவர்களின் பொறுப்பு. வற்றல் காய வைக்கும் வேலையை அந்நேரத்துக்கு மாற்றிக்கொள்வதிலும் தவறில்லை. கணக்கின்றிப் பொட்டலம் உண்டு வந்தவர்கள் இன்றோடு அதை நிறுத்திவிட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இரத்தச் சுண்ணாம்பையும் சிறுநீரகச் செயலைக் காட்டும் கிரியேட்டினினையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். தாகமும் வாந்தியும் மலச்சிக்கலும் சேர்ந்து காணுமாயின், அடுத்த சந்தை நாள் வரையில் காத்திராமல் அன்றே செல்ல வேண்டும். காலிப் பொட்டலங்களையும் கையோடு கொண்டு செல்வது மருத்துவருக்கு உதவியாயிருக்கும்.